கேஸ் கீசர்: பத்திரமாக நிறுத்துவதும் மீண்டும் பற்றவைப்பதும்

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் வெந்நீருக்குத் தாமிர பாய்லர் இருந்தது. கொட்டாங்குச்சி போட்டு மூட்டுவார்கள். நெருப்பு எரிவதும் அணைவதும் கண்ணெதிரே தெரியும். அந்த வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறியபின் பல குடும்பங்கள் கேஸ் கீசருக்கு வந்தன. இப்போது நெருப்பு ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தானே பற்றுகிறது, மூடினால் தானே அணைகிறது. அதனாலேயே அதை முறையாக நிறுத்தவும், நிறுத்தியதை மீண்டும் இயக்கவும் பலர் கற்றுக்கொள்வதில்லை.

சென்னையில் இந்த வேலை அடிக்கடி வரும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். மேல் டேங்க் கழுவுகிறார்கள். சிலிண்டர் தீர்ந்துபோகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் ஏறுகிறது. பல மாதம் கீசரைத் தொடாமல் இருந்துவிட்டு, தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கோ மார்கழி விடியலுக்கோ திடீரென்று போடுகிறோம். இந்த ஒவ்வொரு சமயத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது. சுவரில் மாட்டி, 14.2 கிலோ சிலிண்டரில் இணைத்து, பேட்டரி செல்லால் தீப்பொறி உண்டாக்கும் உடனடி கீசருக்கான முறை இது.

எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்:

மூடும்போது கேஸ் முதலில், தண்ணீர் கடைசியில்.
திறக்கும்போது தண்ணீர் முதலில், கேஸ் கடைசியில்.
இரண்டுக்கும் முன்னால் ஜன்னல்.

தண்ணீர் ஓடாத செப்புக் குழாய்க்கு அடியில் ஒருபோதும் நெருப்பு எரியக் கூடாது, எரியாத கேஸ் வீட்டுக்குள் தேங்கக் கூடாது என்பதே இந்த வரிசையின் நோக்கம்.

## பெட்டிக்குள் என்ன நடக்கிறது

வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு ஒரு சிறு சுவிட்சை அழுத்துகிறது. பேட்டரியின் உதவியால் ‘டிக் டிக்’ என்று தீப்பொறி வருகிறது, கேஸ் வால்வு திறக்கிறது, பர்னர் பற்றுகிறது. தண்ணீர் நின்றால் சவ்வு பின்வாங்கும், நெருப்பு அணையும். கரண்ட் போனாலும் கீசர் வேலை செய்வது இதனால்தான். சவ்வோ சுவிட்சோ சிக்கிக்கொண்டால் தண்ணீர் நின்றபிறகும் நெருப்பு எரியக்கூடும் என்பதும் இதனால்தான்.

## முதலில் இடத்தைப் பாருங்கள்

கீசர் எங்கே மாட்டியிருக்கிறது? யூட்டிலிட்டி பால்கனி போன்ற திறந்த இடமென்றால் நல்லது. குளியலறைக்குள் என்றால், கீழே சொல்லும் எந்தப் படியைவிடவும் அதை வெளியே மாற்றுவதே முதல் வேலை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் சூடாக்கும் கீசர் பத்து நிமிடத்தில் சுமார் 150 கிராம் கேஸை எரிக்கும். அதற்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று தேவை. ஆறடிக்கு நாலடியில், எட்டடி உயரமுள்ள குளியலறையில் மொத்தமே சுமார் 5.4 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. கதவையும் ஜன்னலையும் மூடிக் குளித்தால், ஒரே குளியலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட காற்று பர்னருக்குப் போய்விடுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கவனிக்க: தி. நகர், மயிலாப்பூர் பகுதிகளில் பல பிளாட்டுகளின் குளியலறை ஜன்னல், குழாய்கள் இறங்கும் டக்டுக்குள் திறக்கிறது. உங்கள் கீசரின் புகை அந்த டக்ட் வழியாக மேல்வீட்டுக் குளியலறைக்குள் போகலாம். கீழ்வீட்டுப் புகை உங்களிடம் வரலாம். டக்டைத் திறந்தவெளியாக எண்ணாதீர்கள்.

## கையில் இருக்க வேண்டியவை

- சிலிண்டருடன் வந்த பிளாஸ்டிக் சேஃப்டி கேப்
- ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், சின்ன பிரஷ்
- புதிய பெரிய டார்ச் செல் இரண்டு
- பழைய டூத் பிரஷ் (நுழைவுக் குழாயின் வலையைக் கழுவ)
- உலர்ந்த துணி

கேஸ் கசிவுக்கு 1906, தீ விபத்துக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112. இந்த எண்களை மொபைலில் மட்டும் வைத்தால் போதாது. வீட்டில் பெரியவர்களும் பார்க்கும்படி எழுதி வையுங்கள்.

## அ. தினசரி நிறுத்தம்

கடைசி ஆள் குளித்து முடித்ததும்:

1. வெந்நீர்க் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரின் ரெகுலேட்டர் குமிழை மூடுங்கள்.
2. டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து, சில நொடிகளில் சுடர் தானே அணையும். கண்ணாடித் துவாரத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.
3. தண்ணீர் குளிர்ந்து வரும்வரை அரை நிமிடம் ஓடவிடுங்கள். செப்புக் குழாயின் சூடு தணிவது, உள்ளே உப்பு படிவதைக் குறைக்கும்.
4. பிறகு குழாயை மூடுங்கள்.

குறிப்பு: ஓடும் தண்ணீர் வீணாக வேண்டாம். ஒரு பக்கெட்டில் பிடித்துவைத்தால் துணி நனைக்க உதவும்.

## ஆ. ஊருக்குப் போகும்போது முழு நிறுத்தம்

இரண்டு நாளுக்கு மேல் வீடு பூட்டியிருக்கும் என்றால் தினசரி நிறுத்தம் போதாது. கிளம்பும் நாள் காலை எல்லோரும் குளித்தபின் இதைச் செய்யுங்கள். ஆட்டோ வாசலில் நிற்கும்போது அவசரமாகச் செய்கிற வேலையல்ல.

1. பால்கனிக் கதவையும் ஜன்னல்களையும் திறந்து வையுங்கள்.
2. மேலே சொன்ன நான்கு படிகளையும் முடியுங்கள்.
3. கீசரின் கேஸ் குமிழைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். திரும்பி வந்து பற்றவைக்கும்போது சுடர் சிறியதாகத் தொடங்கும்.
4. ரெகுலேட்டர் குமிழ் மூடியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். வளையத்தை மேலே தூக்கி ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். குமிழ் மூடிய நிலையில் இருந்தால்தான் அது சுலபமாகக் கழலும்.
5. சிலிண்டர் வால்வில் சேஃப்டி கேப்பை அழுத்திப் பொருத்துங்கள்.
6. கீசரின் தண்ணீர் நுழைவு வால்வை மூடுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயை ஒருமுறை திறந்து, உள்ளிருக்கும் அழுத்தத்தை விட்டு, மூடுங்கள்.
7. ஒரு மாதத்துக்கு மேல் போகிறீர்கள் என்றால், கீசரின் அடியில் வடிகால் திருகு இருக்கும் மாடல்களில் அதைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். அடையாறு, பெசன்ட் நகர் பக்கத்து போர் தண்ணீர் உள்ளேயே நின்றால் உப்பு படியும்.
8. பேட்டரி செல்களை வெளியே எடுங்கள். கடற்காற்று உள்ள இடங்களில், உள்ளேயே விட்ட செல் கசிந்து முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.
9. எல்லாம் மூடியிருப்பதை வீட்டில் இன்னொருவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும்.

செய்யக் கூடாதது: கீசரின் குமிழை மட்டும் மூடிவிட்டு ரெகுலேட்டரைத் திறந்தே விட்டுப் போவது. அப்போது டியூப் முழுக்க கேஸ் அழுத்தத்தில் நிற்கும். எலி கடித்தால் போதும், பூட்டிய வீட்டுக்குள் சிலிண்டரே காலியாகிவிடும்.

## இ. அவசர நிறுத்தம்

### கேஸ் வாசனை வந்தால்

எல்.பி.ஜி.க்குத் தனியாக வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் நமக்கு வரும் எச்சரிக்கை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவும், குளியலறை வடிகாலுக்குள்ளும் மாடிப்படி வழியாகக் கீழேயும் இறங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே தீப்பற்றக்கூடிய நிலை வந்துவிடும்.

1. எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் காலிங் பெல்லும் இதில் அடக்கம்.
2. பூஜை விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணையுங்கள்.
3. சிலிண்டரை எட்ட முடிந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். அப்போதும் கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி சேஃப்டி கேப் போடுங்கள்.
4. தரைவரை திறக்கும் கதவுகளை முதலில் திறங்கள். உயரத்தில் இருக்கும் ஜன்னல் மட்டும் போதாது, ஏனென்றால் கேஸ் கீழேதான் தேங்கியிருக்கும்.
5. எல்லோரும் வெளியேறுங்கள். லிஃப்டில் போகாமல் படியில் இறங்குங்கள். வாட்ச்மேனிடமும் கீழ்வீட்டாரிடமும் சொல்லுங்கள்.
6. வெளியே வந்தபின் மொபைலில் 1906-ஐ அழையுங்கள். இது 24 மணி நேரமும் இயங்கும் கேஸ் கசிவு உதவி எண்.

### வெள்ளம் ஏறும்போது

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது கோட்டூர்புரம் பகுதியின் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நகரின் பல தெருக்கள் மூழ்கின. தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சிலிண்டர் மிதக்கும். முழுதாக நிரம்பிய வீட்டுச் சிலிண்டரின் எடை சுமார் 30 கிலோ. அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் எடை அதைவிட அதிகம். மிதக்கும் சிலிண்டர் டியூபைப் பிய்த்துக்கொண்டு சாய்ந்துவிடும்.

1. தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, கேப் போடுங்கள்.
2. சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே மேல்மாடியின் திறந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். படுக்கவைக்காதீர்கள்.
3. கீசரின் பேட்டரியை எடுங்கள், தண்ணீர் வால்வை மூடுங்கள்.
4. வெள்ளம் வடிந்தபின், மூழ்கிய ரெகுலேட்டரையும் டியூபையும் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். கேஸ் ஏஜென்சியிடம் சொல்லி மாற்றுங்கள். மூழ்கிய கீசரை மெக்கானிக் திறந்து பார்க்காமல் பற்றவைக்கவே கூடாது.

## ஈ. மீண்டும் தொடங்குதல்

விடியற்காலை எழும்பூரில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வேண்டும் என்றுதான் இருக்கும். ஆனாலும் கீழே உள்ள படிகளில் ஒன்றையும் தாண்டாதீர்கள். பாதி வெளிச்சம் வந்தபின் செய்வது இன்னும் நல்லது.

1. முதலில் மூக்கு. கதவைத் திறந்ததும் விளக்கைப் போடாதீர்கள். சமையலறைப் பக்கம் போய், குனிந்து, தரையோரம் முகர்ந்து பாருங்கள். வாசனை இருந்தால் அவசர நிறுத்தத்துக்குப் போங்கள். இல்லையென்றால் மட்டும் மேலே தொடருங்கள்.
2. காற்று. பால்கனிக் கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள்.
3. கண். டியூபில் எலிக்கடி, வெடிப்பு, பிசுபிசுப்பு உண்டா? கீசரின் மேல் திறப்பில் குளவிக்கூடோ புறா கொண்டுவந்த குச்சியோ இருக்கிறதா? அடைப்பு இருந்தால் அதை எடுக்காமல் பற்றவைக்காதீர்கள்.
4. தண்ணீர். மோட்டார் போட்டு டேங்க் நிறைந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். கீசரின் நுழைவு வால்வைத் திறக்கும் முன், சமையலறைக் குழாயைத் திறந்து கலங்கல் போகும்வரை விடுங்கள். டேங்க் கழுவிய பிறகும் லாரித் தண்ணீர் இறக்கிய பிறகும் முதலில் வருவது வண்டல்தான்.
5. வலை. நுழைவுக் குழாய் இணைப்பில் இருக்கும் சிறு வலையைக் கழற்றி டூத் பிரஷால் கழுவி மாட்டுங்கள்.
6. காற்றுக்குமிழி. நுழைவு வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயையும் திறங்கள். பேட்டரியும் கேஸும் இன்னும் இணைக்கவில்லை. ‘புஸ் புஸ்’ சத்தம் நின்று தண்ணீர் சீராக விழும்வரை இரண்டு நிமிடம் ஓடட்டும். எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுக் குழாயை மூடுங்கள்.
7. பேட்டரி. முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, கூட்டல் கழித்தல் குறி பார்த்துப் புதிய செல் போடுங்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலக்காதீர்கள்.
8. சிலிண்டர். கேப்பை எடுத்து, வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டக் கூடாது. குமிழ் மூடிய நிலையில் ரெகுலேட்டரின் வளையத்தைத் தூக்கி, வால்வின்மேல் நேராக வைத்து அழுத்தி, வளையத்தை விடுங்கள். ‘கிளிக்’ கேட்க வேண்டும்.
9. சோப்பு நுரை. குமிழைத் திறந்து, மூன்று இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்: வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரும் டியூபும் சேரும் இடம், டியூபும் கீசரும் சேரும் இடம். குமிழி ஊதிப் பெருத்தால் கசிவு. ரெகுலேட்டரை மூடிவிட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் உயிரைக் குடிக்கும்.
10. பற்றவைத்தல். கேஸ் குமிழ் குறைந்த அளவில் இருக்கட்டும். கோடை, குளிர் என்று மாற்றும் குமிழ் இருந்தால் கோடையில் வையுங்கள். முகத்தைக் கீசருக்கு நேராகக் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சில நொடிகளில் சுடர் வர வேண்டும்.
11. வரவில்லை என்றால். பத்து நொடியில் பற்றாவிட்டால் குழாயை மூடுங்கள். டியூபில் இருந்த காற்று வெளியேறத்தான் முதல் முயற்சி போயிருக்கும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எரியாமல் வெளியேறிய கேஸ் கலைந்துபோகும். மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம்.
12. சுடரைப் பாருங்கள். நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினாலோ கரி படிந்தாலோ நிறுத்துங்கள்.
13. கடைசிச் சோதனை. ஐந்து நிமிடம் எரிந்தபின் வெந்நீர்க் குழாயை மூடுங்கள். சுடர் அந்த நொடியே அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ரெகுலேட்டரை உடனே மூடுங்கள், மெக்கானிக் வரும்வரை தொடாதீர்கள். மற்ற பன்னிரண்டு படிகளில் ஒன்றையும் விடாதவர்கள்கூட இந்தக் கடைசிச் சோதனையை மறந்துவிடுகிறார்கள். சவ்வு சிக்கியிருப்பதைக் காட்டிக்கொடுப்பது இது ஒன்றுதான்.

கோடை எச்சரிக்கை: ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடி டேங்கின் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். அதை முழுச் சுடரில் சூடாக்கினால் சில நொடிகளில் தோல் வெந்துபோகும் அளவுக்குக் கொதிக்கும். முதலில் பக்கெட்டில் பிடித்து, கை நனைத்துப் பார்த்தபின்தான் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஊற்ற வேண்டும்.

### பிள்ளைகள் வீட்டுக்கு அமெரிக்கா போனால்

அங்கே பெரும்பாலும் பெரிய டேங்க் வைத்த கீசர். பழைய மாடல்களில் ‘பைலட்’ என்ற சிறுசுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். அது அணைந்திருந்தால் உடனே குமிழைத் திருகாதீர்கள். குமிழை ‘ஆஃப்’ நிலையில் வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்து, தரையோரம் முகர்ந்து பார்க்க வேண்டும். வாசனை இல்லையென்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குறிப்புப்படி பற்றவைக்கலாம். வாசனை இருந்தால் வீட்டைவிட்டு வெளியே வந்து பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். டேங்கில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும் விதி அங்கும் இதேதான்.

## பற்றவில்லையா? இப்படிப் பாருங்கள்

‘டிக்’ சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம், முனையில் களிம்பு இருக்கலாம். இரண்டும் சரியென்றால் தண்ணீர் அழுத்தம் போதவில்லை. டேங்குக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீடுகளில் இது வழக்கம். வலையைக் கழுவுங்கள். அப்படியும் இல்லையென்றால் பிளம்பரிடம் சிறிய அழுத்த பம்பு பற்றிக் கேளுங்கள்.

சத்தம் வருகிறது, பற்றவில்லை. கேஸ் வரவில்லை. ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா, சிலிண்டர் தீர்ந்துவிட்டதா, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பற்றி, உடனே அணைகிறது. வேறு குழாய் திறந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். எல்லாக் கதவும் மூடியிருந்தால் காற்று போதாமல் இருக்கலாம். கீசர் தானே அணைவது பாதுகாப்பு ஏற்பாடாக இருக்கக்கூடும், மறுபடி மறுபடி மூட்டிப் பார்க்காதீர்கள்.

இருபது நிமிடத்தில் அணைகிறது. பல மாடல்களில் இது டைமர். கோளாறு இல்லை. குழாயை மூடித் திறந்தால் மீண்டும் எரியும், ஆனால் அதற்கு முன் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

‘டப்’ என்று வெடிப்பதுபோல் பற்றுகிறது. கேஸ் சேர்ந்தபின் தாமதமாகப் பற்றுகிறது. நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் மெலிந்து, உள்ளே கொதிக்கும் ஓசை கேட்கிறது. செப்புக் குழாயில் உப்பு அடைத்திருக்கிறது. போர் தண்ணீர் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்வீஸ் செய்யுங்கள்.

## வழக்கமாக நடக்கும் தவறுகள்

- ஒரு சிலிண்டரிலிருந்து இரண்டு டியூப். அடுப்புக்கும் கீசருக்கும் நடுவில் டி வடிவ இணைப்புப் போட்டு ரப்பர் டியூபில் பிரிப்பது. ஒவ்வொரு இணைப்பும் ஒரு கசிவுக்கான வாசல். கீசருக்குத் தனிச் சிலிண்டர் வையுங்கள், அல்லது முறையான உலோகக் குழாய் இணைப்புச் செய்யுங்கள்.
- நீளமான டியூப். ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவரைத் துளைத்து அறைக்குள் அறையாக இழுக்கவும் கூடாது.
- காலாவதி. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி டியூபிலேயே அச்சிட்டிருக்கும்.
- சிலிண்டர் தேதியைப் பார்க்காதது. கழுத்துப் பட்டையின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அதுவே அடுத்த சோதனைக்கான கெடு. கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.
- கேப்பைத் தொலைப்பது. சேஃப்டி கேப் நூலில் தொங்குவது அலங்காரத்துக்கு அல்ல. அவசரத்தில் கசிவை நிறுத்துவது அதுதான்.
- முத்திரையில்லாத கீசர். எல்.பி.ஜி. கீசருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15558. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.
- குழாய் கேஸில் அப்படியே இணைப்பது. சென்னையில் வீட்டுக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. எல்.பி.ஜி. கீசரின் துளை அளவும் அழுத்தமும் வேறு. முறையாக மாற்றாமல் இணைக்கக் கூடாது.

## குளியலறையில் யாராவது மயங்கினால்

கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். பிறகு கால் துவண்டு, கதவைத் திறக்கக்கூட முடியாமல் போகிறது. பெங்களூரு, டெல்லி போன்ற குளிர் ஊர்களிலிருந்து இப்படிப்பட்ட சாவுகள் குளிர்காலந்தோறும் செய்தியாகின்றன. மார்கழியில் ஜன்னலை மூடிக்கொண்டு குளிக்கும் சென்னை வீட்டுக்கும் அதே ஆபத்து உண்டு.

1. கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். கதவை உடையுங்கள்.
2. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் அவரை வெளியே, திறந்த காற்றுக்கு இழுத்து வாருங்கள். அதே சமயம் இன்னொருவர் ரெகுலேட்டரை மூடட்டும்.
3. 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள்.
4. தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பாதிப்பு சில நாள் கழித்தும் தெரியலாம்.
5. மருத்துவரிடம் “கேஸ் கீசர் போட்ட குளியலறையில் மயங்கினார்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். விரல்நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, இந்த நச்சையும் ஆக்சிஜனாகவே எண்ணி நல்ல அளவைக் காட்டிவிடும். நீங்கள் சொன்னால்தான் சரியான ரத்தப் பரிசோதனை நடக்கும்.

## நீங்கள் செய்யக் கூடாத வேலைகள்

கீசரின் முன்மூடியைக் கழற்றி வால்வைத் தொடுவது, சென்சார் கம்பியைத் துண்டித்து “நேரடியாக” ஓட்டுவது, ரெகுலேட்டரைப் பிரிப்பது, கேஸ் குழாய்க்கு வளைவு போடுவது ஆகிய எதையும் வீட்டில் செய்யாதீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன், பிளம்பரிடமும் கொடுக்காதீர்கள். கேஸ் பக்கத்து வேலைக்கு ஏஜென்சி மெக்கானிக், கீசரின் உள்வேலைக்கு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆள்.

## சுவரில் ஒட்டும் சீட்டு

கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதி, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிண்டருக்கு மேலே ஒட்டுங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கும், விருந்தாளியாக வரும் உறவினருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கீசரைத் தொடும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

- ஜன்னல் திற.
- குளித்து முடித்ததும் முதலில் ரெகுலேட்டர், பிறகு தண்ணீர்.
- போடும்போது முதலில் தண்ணீர், பிறகு கேஸ்.
- பத்து நொடியில் பற்றாவிட்டால் மூடு. ஐந்து நிமிடம் பொறு.
- குழாயை மூடியதும் சுடர் அணைந்ததா, பார்.
- நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதே. வெளியே போய் 1906.
- ஊருக்குப் போனால் ரெகுலேட்டரைக் கழற்று, கேப் போடு, செல்லை எடு.